மண்புழு உரப் படுக்கைக்கு மானியம்: குமரி மாவட்டத்தில் யாருக்கு?

வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் கிடந்தால் போதும், தோட்டக்கலைத் துறை விதையும் தரும், மண்புழு உரப் படுக்கையும் (புழுவை விட்டு உரம் தயாரிக்கும் தொட்டி போன்ற பை) தரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாதிதான் உண்மை. இரண்டும் வேறு வேறு திட்டம், தகுதியும் வேறு.

விதை எல்லா வீட்டுக்கும் உண்டு. 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள் ஒரு தொகுப்பு. பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள் இன்னொரு தொகுப்பு. பட்டா கேட்கமாட்டார்கள். உழவன் செயலியிலோ தோட்டக்கலைத் துறை இணையதளத்திலோ ஆதாரை வைத்துப் பதியலாம்.

படுக்கை அப்படியில்லை, அது விவசாயிக்கானது. தேசிய தோட்டக்கலை இயக்கத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரமுள்ள பாலிதீன் படுக்கைக்கு 16,000 ரூபாய் மதிப்பு போட்டு, பாதியை, அதாவது 8,000 ரூபாயை, மானியமாக வைத்தார்கள். மாநில அரசும் 2024-25 வேளாண் பட்ஜெட்டில், ஆளுக்கு 2 படுக்கை வீதம் 10,000 விவசாயிகளுக்கு 6 கோடி ரூபாய் ஒதுக்கியது. தொகை திட்டத்துக்குத் திட்டம் மாறும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம் ஆகியவற்றோடு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அகஸ்தீஸ்வரம் முதல் மேல்புறம் வரை மாவட்டத்தில் 9 வட்டாரங்கள்.

என்னைக் கேட்டால், மாடும் வாழை விளையும் (தோட்டமும்) இல்லாதவர்கள் இந்த மானியத்துக்கு அலைய வேண்டாம். 96 கன அடியை நிரப்பச் சாணி மட்டுமே வண்டிக் கணக்கில் வேண்டும். அடுக்களைக் கழிவுக்கு ஓட்டை போட்ட பழைய டிரம் ஒன்று தாராளம்.

படுக்கை கிடைத்தவர்கள் முதலில் கூரையைப் பாருங்கள். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தண்ணீர் தேங்கினால் புழு வெளியேறிவிடும், இல்லையென்றால் செத்துவிடும். தென்னை ஓலை வேய்ந்தாலே போதும். அடியில் கதம்பல் (தேங்காய் மட்டை) பரப்பி, மேலே சாணியும் நறுக்கிய வாழை மட்டையும் போட்டு, இரண்டு மூன்று வாரம் மட்கவிட்டு, கையை உள்ளே விட்டால் சூடு தெரியாத பிறகே புழுவை விட வேண்டும். சக்கை (பலாப்பழ) சீசனில் மடலை மொத்தமாகக் கொட்டினால் புளித்துச் சூடேறும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். எறும்பு ஏறாமல் படுக்கையைச் சுற்றிச் சிறு வாய்க்கால் வெட்டி, அதில் தண்ணீர் நிற்கட்டும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் மேற்பரப்பு தேயிலைத்தூள் போல உதிரும். மூன்று நாள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினால் புழு கீழே போய்விடும், உரத்தை மேலாக வழித்தெடுக்கலாம்.

இன்னொன்று: இந்த வருட இலக்கில் இடம் இருக்கிறதா என்று கேட்டு, பதிவும் ஒப்புதலும் ஆன பிறகு படுக்கையை வாங்குங்கள். முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் பில்லோடு போய் நின்றால் மானியம் கைக்கு வராமல் போகலாம்.