கப்பல் குப்பைக்கான மார்பல் விதி: பிளாஸ்டிக்குக்குத் தூரக் கணக்கே கிடையாது

கரையைவிட்டு இத்தனை மைல் தாண்டிவிட்டால் எதையும் கொட்டலாம் என்ற நினைப்பு கப்பல்களில் இன்னும் இருக்கிறது. கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்பல் உடன்படிக்கையில், குப்பை பற்றிய ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் 31 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி நடுக்கடலிலும் பிளாஸ்டிக்கைப் போடக்கூடாது. நைலான் கயிறு, வலை, குப்பைப் பை, ஏன், பிளாஸ்டிக்கை எரித்த சாம்பலும் அதில் அடக்கம்.

தூரக் கணக்கு முக்கியமாக உணவுக் கழிவுக்குத்தான். 25 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும்படி அரைத்திருந்தால் 3 கடல் மைலுக்கு அப்பால், அரைக்காவிட்டால் 12க்கு அப்பால். கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று மார்பல் குறித்த கடல்களான சிறப்புப் பகுதிகளில் கெடுபிடி கூடுதல். தவறு பெரும்பாலும் சமையலறை வாளியில் நடக்கிறது. மிச்ச உணவோடு பிளாஸ்டிக் உறை கலந்துவிட்டால் இரண்டில் கடுமையான விதியே செல்லும். உறையைப் பொறுக்கி எடுக்க முடியாவிட்டால் முழு வாளியும் துறைமுகத்துக்குத்தான்.

பிறநாட்டுத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல் 400 கிராஸ் டன்னேஜ் (கப்பலின் மொத்த உள் கொள்ளளவைக் காட்டும் அளவு) முதல் இருந்தால் 'கார்பேஜ் ரெக்கார்ட் புக்' என்ற குப்பைப் பதிவேடு வேண்டும் என்று முன்பு இருந்தது. 2024 மே 1 முதல் இது 100 டன்னேஜுக்கே வந்துவிட்டது. குப்பையை இறக்கிய தேதி, நேரம், துறைமுகம், பிரிவு (பிளாஸ்டிக் 'ஏ'), கன மீட்டரில் அளவு ஆகியவற்றை அன்றே எழுதிப் பொறுப்பு அதிகாரி கையெழுத்திட வேண்டும். நிரம்பிய பக்கத்தில் கேப்டன் கையெழுத்து. கடைசிப் பதிவிலிருந்து 2 ஆண்டு புத்தகம் கப்பலில் இருக்க வேண்டும். துறைமுக ரசீதையும் கூடவே வையுங்கள்.

ஆனால் புத்தகத்தை எழுதுவது கப்பலே; எழுதாமல் விட்டதும் இருக்கலாம். தென் அட்லாண்டிக்கில் 'அணுக முடியாத தீவு' என்றே பெயர்கொண்ட ஒரு தீவு உண்டு. பாட்டில்களுக்கு மட்டும் அது எட்டியது. 2018இல் அங்கே புதிதாக ஒதுங்கியவற்றில் பெரும்பாலானவை ஆசியாவில் தயாரானவை, அதுவும் சமீபத்தில். ஆசியக் கரையிலிருந்து மிதந்து வந்திருந்தால் பல ஆண்டுகள் பிடித்திருக்கும். சந்தேகம் கப்பல்கள் மேல்தான்.

தீவுகளில் ஒதுங்கும் பாட்டில் சும்மா கிடப்பதில்லை. வாய் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால், காலி நத்தைக் கூட்டைச் சுமந்து வாழும் துறவி நண்டு உள்ளே இறங்கும். வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் சாகும். செத்த நண்டின் வாசனை 'காலிக் கூடு இருக்கிறது' என்று மற்ற நண்டுகளுக்குச் சொல்ல, அவையும் வந்து விழும். இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவிலும் இப்படி 5 லட்சத்துக்கும் மேல் செத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

மீன்பிடி வலை தற்செயலாக அறுந்து போனால் அது மார்பலின் தடையில் வராது; ஆனால் முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்திருக்க வேண்டும். அது கடல் வாழ்வுக்கோ கப்பல் போக்குவரத்துக்கோ பெரிய ஆபத்து என்றால் கொடி நாட்டுக்கும் (கப்பல் பதிவான நாடு), பிற நாட்டுக் கடற்பரப்பில் என்றால் அந்த நாட்டுக்கும் தெரிவிப்பது கட்டாயம்.