முள் பூஜ்யத்துக்குத் தாவும் கணம்

ஸ்டாப்வாட்சும் சேர்ந்த ஓர் இயந்திரக் கைக்கடிகாரத்தின், அதாவது குரோனோகிராஃப்பின், வலப்பக்கம், இரண்டு மணிக்கு அருகில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதுவரை பன்னிரண்டில் அசையாமல் நின்ற நீள விநாடி முள் ஓடத் தொடங்குகிறது. இன்னொரு முறை அழுத்தினால் நிற்கிறது. நான்கு மணிக்கு அருகில் இருக்கும் மற்ற பொத்தானை அழுத்தினால், எங்கே நின்றிருந்தாலும் கண்ணிமைக்கும் முன் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடுகிறது. பேட்டரி கிடையாது, மின்சுற்று கிடையாது. எல்லாம் பல்சக்கரம், நெம்புகோல், சுருள்வில். நான் இதை முதல்முதலாக, பின்மூடி கண்ணாடியாலான ஒரு கடிகாரத்தில் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு நேரம் போனதே தெரியவில்லை.

பிரெஞ்சுக்காரர் லூயி முவானே 1816இல் செய்த கருவிதான் இந்த வகையில் மிகப் பழையது. அவர் நட்சத்திரங்களை அளக்கத்தான் அதைச் செய்தார். பந்தயம் 1821இல் வந்தது. பாரிஸில் குதிரைப் பந்தயத்தை அளக்க நிக்கோலா ரியூசெக் ஒரு கருவி செய்தார். ஒவ்வொரு குதிரையும் கோட்டைத் தாண்டும்போது முகப்பில் ஒரு சொட்டு மை விழும். 'குரோனோகிராஃப்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'நேரத்தை எழுதுவது' என்று பொருள். அந்தக் கருவி உண்மையிலேயே எழுதியது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? ஒரே சுருள்வில்லின் விசையில் இரண்டு கடிகாரங்கள் ஓடவேண்டும். ஒன்று எப்போதும் நேரம் காட்டுவது, இன்னொன்று கேட்கும்போது மட்டும் ஓடுவது. இரண்டாவதைச் சேர்க்கும்போதும் பிரிக்கும்போதும் முதலாவது தடுமாறக் கூடாது. காரில் எஞ்சினையும் சக்கரங்களையும் சேர்த்துப் பிரிக்க என்ன வைத்திருக்கிறோமோ அதேதான் இங்கேயும்: கிளட்ச். பெயரும் அதேதான்.

பழைய முறையில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பல்சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து வந்து, நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தோடு பல் கோத்துக்கொள்ளும். பார்க்க மிக அழகு. ஆனால் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டினால் முள் கிளம்பும்போதே லேசாகத் துள்ளும். அதனால்தான் அந்தச் சக்கரங்களின் பற்களை மயிரிழை போல மெல்லியதாக வெட்டுகிறார்கள். இன்னொரு சங்கடம், கூடுதல் சுமை ஏறியதும், முன்னும் பின்னும் ஊசலாடிக் கடிகாரத்தின் இதயத் துடிப்பாக இருக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு சற்றுக் குறையும்.

1969இல் வந்த சீகோ 6139 செங்குத்துக் கிளட்சைத் தானியங்கிக் கைக்கடிகாரத்துக்குள் கொண்டுவந்தது. இதில் பல் கோப்பது இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு தட்டுகள் அழுத்தி ஒட்டிக்கொள்கின்றன, காரின் கிளட்ச் தட்டு போலவே. முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு கிளம்புகிறது. ரோலெக்ஸ் தன் டேடோனாவுக்காக 2000இல் கொண்டுவந்த 4130 இயந்திரத்திலும் இதுதான். என் கண்ணுக்குப் பழையதுதான் அழகு, ஆனால் வேலையில் புதியதே சிறந்தது.

என்னை அதிகம் வியக்கவைத்தது கிளட்ச் அல்ல, முள் பூஜ்யத்துக்குத் திரும்பும் விதம். முள் எந்த இடத்திலும் நின்றிருக்கலாம்: 7ஆவது விநாடி, 22, 51. எங்கே நின்றிருக்கிறது என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. ஆனாலும் ஒரே தட்டில் சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது. எப்படி?

முள்ளின் அச்சில், முகப்புக்கு அடியில், இதய வடிவத்தில் ஒரு சிறு எஃகுத் துண்டு பொருத்தியிருக்கிறார்கள். அடால்ஃப் நிகோல் 1844இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. பூஜ்யப் பொத்தானை அழுத்தியதும் தட்டையான முகம் கொண்ட ஒரு சுத்தி அந்த இதயத்தின் விளிம்பில் வந்து விழுகிறது. விளிம்பு முழுக்கச் சரிவு. சுத்தி அழுத்த அழுத்த, இதயம் வழுக்கிச் சுழல்கிறது. அதன் மேல்புறத்து இரண்டு மேடுகளும் சுத்தியின் முகத்தில் ஒரே நேரத்தில் பொருந்தும் வரை நிற்காது. அச்சுக்கு மிக அருகில் சுத்தி இறங்கக்கூடிய ஒரே இடம் அதுதான், பூஜ்யமும் அதுதான். மலைச்சரிவில் விட்ட கல் பள்ளத்தில்தானே போய் நிற்கும்! முள் அரைச்சுற்றுக்குள் இருந்தால் பின்னோக்கியும், அரைச்சுற்றைத் தாண்டியிருந்தால் முன்னோக்கியும் திரும்பும். குறுக்கு வழி எது என்று அது கணக்குப் போடுவதில்லை, வடிவமே அந்தக் கணக்கு. நிமிட எண்ணியின் அடியிலும் இப்படி ஓர் இதயம் உண்டு.

அப்புறம், ஓடும்போது தவறிப்போய் பூஜ்யப் பொத்தானை அழுத்திவிட்டால்? வழக்கமான குரோனோகிராஃப்பில் ஒன்றும் ஆகாது. கோட்டைக் கொத்தளத்தின் சிறு மாதிரி போலச் செங்குத்துத் தூண்கள் நிற்கும் ஒரு சக்கரம் உள்ளே இருக்கிறது. ஓட்டவும் நிறுத்தவும் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது ஒரு படி நகரும். நெம்புகோலின் முனை தூணின் மேல் ஏறி நின்றால் ஒரு கட்டளை, இடைவெளியில் இறங்கினால் மறு கட்டளை. முள் ஓடும்வரை சுத்தி விழாதபடி தூண் தடுத்துக்கொண்டு நிற்கும். விரலுக்குத் தெரியும் அந்தத் துல்லியமான 'டக்'கும் இந்தச் சக்கரத்தின் கொடைதான். செதுக்குவதற்கும் மெருகேற்றுவதற்கும் நேரம் பிடிப்பதால், விலை உயர்ந்த கடிகாரங்களில்தான் இதை அதிகம் பார்க்கலாம்.

இனி வெளியே வருவோம். 1963 வாக்கில் வந்த ஹோயர் கரேரா, டேடோனா போன்ற கார்ப் பந்தயக் கடிகாரங்களின் பேலன்ஸ் சக்கரம் விநாடிக்கு 5 முறை துடித்தது. ஆகவே, முள் ஒரு தாவலுக்கு ஐந்தில் ஒரு விநாடி நகரும். கரேராவின் ஓரத்தில் கண்ணாடியைத் தாங்கும் வளையத்தில் அந்த ஐந்தில் ஒரு பங்குகளையே அந்த நிறுவனத்தின் ஜாக் ஹோயர் அச்சிட்டார். முகப்பு நெரிசலில்லாமல் வெறிச்சென்று இருக்கிறதே என்று பார்ப்பவருக்குத் தோன்றலாம். அதிரும் வண்டியில் ஒரே பார்வையில் படிக்க வேண்டியவருக்கு அந்த வெறுமைதான் வசதி. வெள்ளை முகப்பில் கறுப்புச் சிறுவட்டங்கள், கறுப்பு முகப்பில் வெள்ளைச் சிறுவட்டங்கள் எல்லாம் இதே காரணத்துக்காகத்தான் பிடித்துப்போயின. 1969இல் வந்த ஜெனித் எல் பிரிமேரோ விநாடிக்கு 10 துடிப்பு, அதாவது பத்தில் ஒரு விநாடி. 1971 மோன்சா கார்ப் பந்தயத்தில் பீட்டர் கெத்தின் 0.01 விநாடி முந்தி ஜெயித்தார். அந்த இடைவெளியை எல் பிரிமேரோவாலும் பிரித்துக் காட்டமுடியாது.

முகப்பைச் சுற்றியுள்ள, வேகம் காட்டும் டாக்கிமீட்டர் அளவுகோலைத்தான் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். 1957இல் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் அதை முகப்பிலிருந்து வெளி வளையத்துக்கு நகர்த்தியது. அதில் இருப்பது 3600ஐ விநாடியால் வகுத்த விடைகள், அவ்வளவே. 1 கிலோமீட்டர் தூரத்தை 20 விநாடியில் கடந்தால் முள் 180இல் நிற்கும், அதுதான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு. 30 விநாடிக்கு 120, 45 விநாடிக்கு 80, 60 விநாடிக்கு 60. கவனியுங்கள், பின்பாதி வளையம் முழுக்க 120க்கும் 60க்கும் இடையே பரந்து கிடக்கிறது. 120க்கு மேலுள்ள அத்தனையும் முன்பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. வேகம் கூடக் கூட ஒரு விநாடிப் பிழையின் விலையும் கூடும் என்பதை அந்த நெருக்கமே காட்டிவிடுகிறது.

நீங்கள் ஓட்டாமல் பக்கத்து இருக்கையில் இருக்கும்போது, கிலோமீட்டர் கற்களை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு கல்லைத் தாண்டும்போது அழுத்தி, அடுத்த கல்லில் நிறுத்துங்கள். 36 விநாடி ஆனால் மணிக்கு 100. வண்டி 60க்குக் கீழே ஊர்ந்தால் அளவுகோல் தீர்ந்துபோகும். அப்போது 500 மீட்டருக்கு மட்டும் அளந்து, முள் காட்டுவதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.