வைரம் இருக்கும் பக்கமே திரும்பும் சுரங்கம்

"என் மகள் நண்பர்களோடு சேர்ந்து ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துகிறாள். விளையாடுவதைவிட, மற்றவர்கள் தோண்டிய சுரங்கங்களைச் சுற்றிப் பார்ப்பதில்தான் அவளுக்கு நேரம் போகிறது. கேட்டால், எக்ஸ்-ரே போடுறவங்களைப் பிடிக்கிறேன் என்கிறாள். அப்படியென்றால் என்ன?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சம்பளமில்லாமல் அட்மின், அதாவது சர்வரை நிர்வகிக்கும் வேலை பார்க்கும் பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் செய்வதில் அருமையான அறிவியல் இருக்கிறது.

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் உலகம் பிளாக் எனப்படும் கனசதுரங்களால் ஆனது. தரைக்கடியில் கல்லுக்கு நடுவே நிலக்கரி, இரும்பு, வைரம் எல்லாம் புதைந்திருக்கும். குருட்டாம்போக்கில் தோண்டித் தேடுவதுதான் ஆட்டத்தின் உழைப்பு. எல்லோரையும் ஒரே ஆட்டத்தில் இணைக்கும் மையக் கணினியான சர்வர், இந்த உலகத்தைச் சங்க் என்ற துண்டுகளாகப் பிளேயரின் கணினிக்கு அனுப்புகிறது. ஒரு சங்க் 16க்கு 16 பரப்பு, 384 உயரம். மொத்தம் 98,304 பிளாக். பூமிக்கடியில் இருப்பதும் இதில் அடக்கம். எதைத் திரையில் வரைவது என்று முடிவு செய்வது பிளேயரின் கணினி. "கல்லை வரையாதே" என்று அங்கே ஒரு சின்ன மாற்றம் செய்தால் போதும், வைரங்கள் மட்டும் வெளியில் மிதப்பதுபோலத் தெரியும். இதுதான் எக்ஸ்-ரே. எல்லாம் அவர் வீட்டுக் கணினியிலேயே நடந்து முடிகிறது. சர்வருக்குத் துளியும் தெரியாது.

பெரிய நிறுவனங்கள் ஆடுபவரின் கணினியிலேயே காவல் மென்பொருளை நிறுவிவிடுகின்றன. தன்னார்வ அட்மினுக்கு அந்த வசதி கிடையாது. பறப்பது, அதிவேகமாக ஓடுவது போன்ற மோசடிகளைக் கண்டுபிடிக்க அது தேவையுமில்லை. சர்வர் விநாடிக்கு 20 முறை கணக்குப் பார்க்கிறது; ஓடக்கூடிய தூரத்தைவிட அதிகம் நகர்ந்தவரைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். இணைய இணைப்பு மோசமாக இருப்பவரும் சில சமயம் இதில் மாட்டுவார், அவ்வளவுதான். எக்ஸ்-ரேவுக்குத்தான் வேறு வழி வேண்டும்.

அந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பிளாக்கின் ஆறு பக்கத்தையும் கல்லோ மண்ணோ மூடியிருந்தால், நேர்மையாக ஆடுபவர் கண்ணுக்கு அது எப்படியும் தெரியாது. தெரியாததை உள்ளபடி அனுப்புவானேன்? பேப்பர் என்ற இலவச சர்வர் மென்பொருளில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. அதன் முதல் முறையில், மூடிக்கிடக்கும் வைரத்தைக் கல் என்று சொல்லி சர்வர் அனுப்பிவிடும். நீங்கள் தோண்டத் தோண்ட, சுற்றியுள்ள ஓரிரு பிளாக்குகளின் உண்மை நிலையை அவ்வப்போது திருத்தி அனுப்பும். எக்ஸ்-ரே போட்டவருக்கும் கல்தான் தெரியும்.

இரண்டாவது முறை இன்னும் அழகு. மறைந்திருக்கும் கல்லையெல்லாம் வைரம், தங்கம், இரும்பு என்று கலந்துகட்டிப் பொய் சொல்கிறது சர்வர். எக்ஸ்-ரே போட்டவருக்குத் திசையெல்லாம் புதையல். எது நிஜம் என்று பிரிக்கவே முடியாது. ஆசையோடு ஒன்றை நோக்கித் தோண்டிப்போனால், பக்கத்தில் போனதும் அது கல்லாகிவிடும். நேர்மையாக ஆடுபவருக்கோ இப்படி ஒரு பொய் சொல்லப்பட்டதே தெரியாது.

ஆனால் இந்தப் பொய்க்குச் செலவு உண்டு. 16×16×16 பிளாக் கொண்ட ஒரு பகுதி முழுக்கக் கல்லாக இருந்தால், "எல்லாம் கல்" என்று சொல்லி 4,096 பிளாக்கையும் முடித்துவிடலாம். நடுவில் நாலைந்து வைரம் இருந்தாலும் நன்றாகவே சுருக்கலாம். அதே இடத்தில் தாறுமாறாகக் கனிமங்களைத் தூவிவிட்டால், ஒவ்வொரு பிளாக்கையும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒழுங்கே இல்லாத தகவலைச் சுருக்க முடியாது என்பது கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948இல் வகுத்த தகவல் கோட்பாட்டிலிருந்து வருவது. சர்வர் அனுப்பும் டேட்டா வீங்கிவிடுகிறது. சர்வர் வாடகையைப் பங்குபோட்டுக் கட்டும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை. அதனால் மூன்றாவது முறை ஒன்று வந்தது: பிளாக்குக்குப் பிளாக் மாற்றாமல், அடுக்குக்கு அடுக்கு மட்டும் பொய்யை மாற்றுவது. ஒரே அடுக்கில் ஒரே பொய் திரும்பத் திரும்ப வருவதால் சுருக்க எளிது. ஷானனோடு பேரம் பேசி வாங்கிய சலுகை!

குகைச் சுவரில் வெளியே தெரியும் வைரத்தை இப்படி மறைக்க முடியாது. அங்கேதான் மனிதக் கண் வேண்டும். யார், எப்போது, எந்த பிளாக்கை உடைத்தார்கள் என்று கோர்புரொடெக்ட் போன்ற செருகுநிரல்கள் (சர்வரோடு சேர்க்கும் துணை மென்பொருள்கள்) பதிவு செய்கின்றன. அட்மின் சுவர்களை ஊடுருவிப் பறந்து, சந்தேகப்பட்டவர் தோண்டிய சுரங்கத்தைப் பார்வையிடுவார். நேராகப் போன சுரங்கம் காரணமே இல்லாமல் திரும்பி வைரத்தில் முடிகிறதா? ஒரு முறை என்றால் அதிர்ஷ்டம். ஒவ்வொரு திருப்பமும் வைரத்தில் முடிந்தால்?

இங்கே நிதானம் வேண்டும். நேர்மையாக ஆடும் ஒருவருக்கு அபார அதிர்ஷ்டம் அடிக்கும் மணி நேரம் ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 50 பேர் தினம் 2 மணி நேரம் ஆடினால் மாதத்துக்கு 3,000 மணி நேரம். அதாவது மாதத்தில் மூன்று முறை ஒரு பாவமும் அறியாதவர் திருடனாகத் தெரிவார். கண்ணில் பட்ட அதிசயத்தை மட்டும் எண்ணினால் யாரையும் குற்றவாளியாக்கலாம். பலித்த ஆரூடத்தை மட்டும் நினைவில் வைத்து ஜோதிடத்தை நம்புவதும் இதே பிழைதான். பள்ளியில் நிகழ்தகவு என்றால் நாணயம், பகடையோடு நிறுத்திவிடுகிறோம். இதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி.

2020இல் ட்ரீம் என்ற புகழ்பெற்ற யூடியூபரின் வேக ஆட்டப் பதிவுகளை (மைன்கிராஃப்ட்டை மிகக் குறைந்த நேரத்தில் முடித்துக் காட்டுவது) ஆராய்ந்த தன்னார்வலர் குழு இதைச் சரியாகச் செய்தது. தங்கம் கொடுத்துப் பண்டமாற்று செய்த 262 முறையில், 42 முறை அவருக்கு எண்டர் பேர்ல் என்ற, ஆட்டத்தை முடிக்கத் தேவையான பொருள் கிடைத்திருந்தது. சராசரியாகப் பார்த்தால் 12 முறை கிடைத்திருக்க வேண்டும். குழு உடனே தீர்ப்பு எழுதவில்லை. அதிர்ஷ்டமான பதிவுகளை மட்டும் பொறுக்கி எடுத்திருப்போமோ, ஆயிரம் பேர் ஆடும்போது ஒருவருக்கு இப்படி நடக்காதா என்று தங்களுக்கு எதிரான வாதங்களையெல்லாம் கணக்கில் கழித்தார்கள். அப்படியும், பிளேஸ் ராட் என்ற இன்னொரு பொருள் கிடைத்த கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது, வாய்ப்பு 7.5 லட்சம் கோடியில் ஒன்று என்றே வந்தது. ஆட்டத்தின் விதிகளை மாற்றும் மாட் என்ற துணை மென்பொருள் ஒன்று தனக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது என்று 2021இல் அவரே சொன்னார்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மைன்கிராஃப்ட் உலகம் முழுவதும் விதை என்ற ஒரே எண்ணிலிருந்து முளைப்பது. அந்த எண் கிடைத்தால் அதே உலகத்தை வீட்டிலேயே உருவாக்கி, வைரங்களின் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து தோண்டலாம். கண்ணில் படும் கட்டடங்களின் இருப்பிடத்தை வைத்தே விதையைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். சர்வர் எவ்வளவு பொய் சொன்னாலும் இங்கே பயனில்லை. பேப்பரில் கனிமங்களுக்கு மட்டும் தனி விதை கொடுத்து இதை அடைக்கலாம். ஏற்கெனவே உருவாகிவிட்ட சங்க்குகளில் வைரம் பழைய இடத்திலேயேதான் இருக்கும் என்பதால், முதல் ஆள் உள்ளே நுழைவதற்கு முன்பே அட்மின் இதைச் செய்துவிட வேண்டும்.