ஸ்பைக்-இன்: நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஆணி

மரபணு ஆய்வகத்தில் ‘ஸ்பைக் போட்டாச்சா?’ என்று கேட்டால், மாதிரிக்குள் அளவு தெரிந்த வேற்றுப் பொருளைக் கலந்தாயிற்றா என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ஸ்பைக் என்பது பெரிய ஆணி. கலப்பதற்கும் ஆணிக்கும் என்ன சம்பந்தம்? குடிக்கிற பானத்தில் கொஞ்சம் சாராயத்தை ஊற்றி வீரியம் ஏற்றுவதை அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘ஸ்பைக்’ செய்வது என்பார்கள். கலப்பது என்ற பொருளில் அது ஆய்வகத்துக்குள்ளும் புழங்குகிறது. விருந்தில் ஊற்றுகிறவர் அளவு பார்க்கமாட்டார். ஆய்வகத்தில் அளவு தெரியாமல் ஊற்றினால் வேலைக்கே ஆகாது.

இந்தச் சொல் அதிகம் அடிபடுகிற இடங்களில் ஒன்று குரோமாட்டின் இம்யூனோபிரெசிபிட்டேஷன், சுருக்கமாகச் சிப். டி.என்.ஏ.வும் அது சுற்றிக் கிடக்கும் ஹிஸ்டோன் புரதங்களும் சேர்ந்ததுதான் குரோமாட்டின். ஃபார்மால்டிஹைடு விட்டு இரண்டையும் பிணைத்து, துண்டுகளாக்கி, வேண்டிய புரதத்தை மட்டும் பிடிக்கிற எதிர்ப்பொருளைக் கொண்டு இழுத்தெடுக்கிறார்கள். ஒட்டிக்கொண்டு வரும் டி.என்.ஏ.வைப் படித்தால் அந்தப் புரதம் எங்கெங்கே உட்கார்ந்திருந்தது என்று தெரியும். இம்யூனோபிரெசிபிட்டேஷனை ‘நோயெதிர்ப்பு வீழ்படிவாக்கம்’ என்று எழுதினால் தடுப்பூசிதான் ஞாபகத்துக்கு வரும். இங்கே நோயே கிடையாது. ‘எதிர்ப்பொருள் வீழ்படிவாக்கம்’ என்பது செய்கிற வேலையை நேராகச் சொல்லிவிடுகிறது.

சரி, கலப்படம் எதற்கு? ஹிஸ்டோன்களில் ஒன்றான ஹெச்3-இன் 79ஆம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மெத்தில் என்கிற சிறு வேதிக் குறியை வைக்கும் நொதி டாட்1எல். அதை மருந்தால் முடக்கினால் குறி செல் முழுக்கக் குறையும். ஆனால் வழக்கமான கணக்கில் ஒவ்வொரு மாதிரியின் ரீடுகளையும், அதாவது கருவி படித்துத் தரும் டி.என்.ஏ. துண்டுகளின் எண்ணிக்கையையும், பத்து லட்சத்துக்கு இத்தனை என்று மாற்றிவிடுவார்கள். எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் பாதி குறைந்திருந்தால் இந்தக் கணக்கில் ஒன்றுமே குறைந்ததாகத் தெரியாது. வீட்டில் எல்லாருடைய சம்பளமும் பாதியானாலும் யார் பங்கு எத்தனை சதவீதம் என்பது மாறாது இல்லையா, அதே கதை.

2014இல் வெளிவந்த ‘சிப்-ஆர்எக்ஸ்’ முறை இந்த நொதியைத் தடுக்கும் மருந்தை வைத்தே இதைச் சோதித்துக் காட்டியது. மனித செல்களோடு பழ ஈயான டிரோசோஃபிலாவின் செல்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் முதலிலேயே கலந்துவிடுவார்கள். மனிதனின் ஹெச்3-உம் ஈயின் ஹெச்3-உம் ஏறத்தாழ ஒன்றேதான் என்பதால் அதே எதிர்ப்பொருள் இரண்டையும் பிடிக்கும். ஈயின் செல்கள் மருந்தைக் கண்டதில்லை. ஆக அதன் அளவு எல்லாக் குழாயிலும் ஒன்று. உதாரணத்துக்கு, மருந்து போடாத குழாயில் 2 கோடி ரீடுகளில் 2 லட்சம் ஈயுடையவை என்று வைத்துக்கொள்வோம். மருந்து போட்டதில் மனிதக் குறி பாதியானால், அதே 2 கோடியில் ஈயின் பங்கு ஏறத்தாழ 4 லட்சமாக ஏறும். மனித ரீடுகளை அந்தந்தக் குழாயின் ஈ ரீடுகளால் வகுத்தால் ஒளிந்திருந்த பாதி வெளியே வந்துவிடும்.

இப்படி வகுத்துச் சரிக்கட்டுவதற்குப் பெயர் நார்மலைசேஷன். ‘இயல்பாக்கம்’ என்கிறோம், ஏதோ கெட்டுப்போனதை இயல்புக்குக் கொண்டுவருகிற மாதிரி. நார்மா என்பது லத்தீனில் தச்சனின் மூலைமட்டம். ‘மட்டப்படுத்தல்’ என்று வைக்க ஆசைதான்; மட்டம் தட்டுவதாக யாராவது படித்துவிடுவார்கள். ‘சீராக்கம்’ போதும்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கலக்கும் இந்த ஈப் பொருளுக்குப் பெயர் ‘ஸ்பைக்-இன் கன்ட்ரோல்’. அதை ‘உட்செலுத்திய கட்டுப்பாடு’ என்று எழுதினால் யாரை யார் கட்டுப்படுத்துகிறார் என்றே புரியாது. என் யோசனை: உரையாணி. நகை ஆசாரி பொன்னின் மாற்றுப் பார்க்கும்போது, மாற்றுத் தெரிந்த பொன்னாணியையும் வந்த நகையையும் ஒரே கட்டளைக்கல்லில் பக்கத்தில் பக்கத்தில் உரசுவார். ஒரே கல், ஒரே கை, இரண்டு கோடுகள். அந்த ஆணிதான் உரையாணி. உயர்ந்த மாற்றுப் பொன்னுக்கு ஆணிப்பொன் என்றும் பெயர். ஸ்பைக் என்றாலும் ஆணிதான் என்பது தற்செயல், ஆனாலும் விடுவானேன்? ஐ.டி. ஆட்கள் பிடுங்கும் ஆணி வேறு. உரசுகிறபோது கோடுகள் தனித்தனியாக நிற்கும், இங்கே எல்லாம் ஒரே குழாயில் கலந்துவிடும்; மரபணு வரிசை வேறாக இருப்பதால் கணினி ஈயைத் தனியே பிரித்துவிடுகிறது.

எல்லா இடத்துக்கும் ஈயின் ஹெச்3 உதவாது. மனிதப் புரதத்தை மட்டுமே பிடிக்கிற எதிர்ப்பொருள் என்றால் ஈயின் துண்டுகள் வரவே வராது. அப்போது ஈக்கே உரிய ஹெச்2ஏவி ஹிஸ்டோனைப் பிடிக்கும் இரண்டாவது எதிர்ப்பொருளையும் கூடவே விடுகிறார்கள். அப்புறம், ஒரு குழாயில் ஈ கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டால் கணக்கு மொத்தமும் சாயும். அதனால் வீழ்படிவாக்கத்துக்கு முன் எடுத்துவைத்த முதல்மாதிரியில் ஈக்கும் மனிதனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது வழக்கம். ஆய்வுக் குறிப்பில் நான் எழுதுவது இப்படி: ‘ஈ உரையாணி கொண்டு சீராக்கியது, முதல்மாதிரியில் ஆணி விகிதம் சரிபார்த்தது.’