‘மேம்பட்ட மருத்துவப் பயிற்சியாளர்’ யாருக்குப் பயிற்சி கொடுக்கிறார்?

“மேம்பட்ட மருத்துவப் பயிற்சியாளர் ஒருவர் உங்களை வீட்டில் வந்து பார்ப்பார்.” இங்கிலாந்திலுள்ள தமிழ் முதியவர்களுக்காக மொழிபெயர்க்கப்படும் கடிதங்களில் வரும் வகையான வசனம் இது. அங்குள்ள பிள்ளைகள் படம் பிடித்து அனுப்ப, உப்புவெளியிலும் மூதூரிலும் இருக்கிற சொந்தக்காரர் வாசிக்கிறார்கள். வாசிப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் நினைப்பார். ஒன்று, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் வருகிறது. மற்றது, படிப்பு முடியாத இளம் டொக்டரைப் பழக்கத்துக்கு அனுப்புகிறார்கள். இரண்டும் தலைகீழ்ப் பிழை.

ஆங்கிலத்தில் அவர் அட்வான்ஸ்ட் கிளினிக்கல் பிரக்டிஷனர், சுருக்கமாக ஏசிபி. தாதி, பரமெடிக் (அம்புலன்ஸில் வந்து சிகிச்சை தருபவர்), மருந்தாளர், இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) போன்ற ஒரு தொழிலில் ஏற்கெனவே பதிவு பெற்று, அனுபவமும் பெற்று, அதற்குமேல் முதுமாணி மட்டத்தில் படித்தவர். டொக்டர் அல்ல. ஆனால் நோயாளியைத் தானே சோதித்து, நோயை நிர்ணயித்து, சிகிச்சையைத் தீர்மானிப்பவர். 2017இல் இங்கிலாந்தில் வெளியான சட்டகம் இவருடைய வேலையை நான்காக வகுத்தது: நோயாளரைப் பார்த்தல், தலைமைத்துவம், கற்பித்தல், ஆய்வு. நான்கில் கற்பித்தலும் ஒன்று என்பதைப் பிடித்துக்கொண்டு ‘பயிற்சியாளர்’ சரிதானே என்று யாரும் வரவேண்டாம். பெயர் அதிலிருந்து பிறக்கவில்லை.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளினிக்கல், படுக்கையைக் குறிக்கும் ‘கிளினே’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. நோயாளியின் படுக்கையருகே நடப்பது என்று பொருள். பிரக்டிஷனர், ‘செய்தல்’ என்னும் கிரேக்க வேரில் தொடங்கி இலத்தீனும் பிரெஞ்சும் கடந்து வந்தது. அட்வான்ஸ்ட் என்பதில் இருப்பது ‘முன்னால்’ என்ற இலத்தீன் பொருள்.

சிக்கல் முழுவதும் பிரக்டிஸ் என்ற சொல்லில்தான். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு முகம்: பழகுவதற்காகத் திரும்பத் திரும்பச் செய்வது ஒன்று, கற்ற தொழிலை நடத்துவது மற்றொன்று. தமிழில் ‘பயிற்சி’ முதலாவதை மட்டுமே சுமக்கும். மக்கெய்சர் மைதானத்துக்குப் பந்தடிக்கப் போகிற பொடியனையும் “பிராக்டிஸுக்குப் போறான்” என்கிறோம். மாலையில் தனியார் கிளினிக்கில் இருக்கும் வைத்தியரையும் “பிரைவேட் பிராக்டிஸ் செய்யிறார்” என்கிறோம். ஆனால் அந்த வைத்தியர் “பின்னேரம் பயிற்சி செய்கிறார்” என்று ஊரில் ஒருவரும் சொல்வதில்லை. ஆங்கிலச் சொல்லை அப்படியே கடன் வாங்கிப் பேசும்போதுகூட எங்கள் ஆட்களுக்கு இரண்டு பொருளும் தனித்தனியாகத் தெரிகிறது. அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பாளருக்குத்தான் தெரியவில்லை.

இதற்கு ஒரு மறுப்புரை உண்டு. ‘பயில்’ என்பதற்கு இடையறாது ஈடுபடுதல் என்ற பழம்பொருள் இருக்கிறதே, தமிழ்நாட்டில் வழக்கறிஞர்களைப் பற்றியும் ‘பயிற்சி’ என்று எழுதுகிறார்களே என்பார்கள். இருக்கட்டும். பழம்பொருளை நோயாளி பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிந்த சொற்களோடு ஒப்பிட்டே புதுச்சொல்லை விளங்கிக்கொள்கிறார். இலங்கைத் தமிழில் பட்டம் முடித்து முதன்முதலாக வாட்டில் நிற்பவர் ‘உள்ளகப் பயிற்சி வைத்தியர்’. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அவர் ‘பயிற்சி மருத்துவர்’. இவற்றுக்குப் பக்கத்தில் ‘மருத்துவப் பயிற்சியாளர்’ என்று வைத்தால், ஏணியின் மேற்படியில் நிற்பவர் அடிப்படிக்கு வந்துவிடுகிறார். கடிதத்தைப் பார்த்த கிழவர் “பழகிற ஆளை எனக்கு அனுப்பாதேங்கோ, டொக்டரை அனுப்புங்கோ” என்று சொன்னால் குற்றம் அவர்மேல் இல்லை. இன்னும் ஒன்று: இந்தப் பதவிக்குப் படித்துக்கொண்டிருப்பவரும் உண்டு. அவரை என்னவென்று எழுதுவது, ‘பயிற்சி பெறும் மேம்பட்ட மருத்துவப் பயிற்சியாளர்’ என்றா?

‘மேம்பட்ட’ என்பதும் ஆகாது. அது சவர்க்காரத் தூள் பெட்டியில் இருக்க வேண்டிய சொல்.

இந்தப் பெயருக்குள் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்தால்தான் கனம் விளங்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள் வீட்டுக்குப் போகவேண்டிய அவசர சமுதாயக் குழுவில் ஒரு ஏசிபி இருக்கிறார் என்று வைப்போம். நாட்பட்ட சுவாசத் தடை நோயுள்ள முதியவருக்கு முட்டு கூடிவிட்டது. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுகிறார்: 22. விரலில் மாட்டும் கருவியில் ஒட்சிசன் 90 சதவீதம், அதுவும் அறைக் காற்றில். நாடி 98, மேல் பிரஷர் 128, காய்ச்சல் 37.8 பாகை, ஆள் தெளிவாக இருக்கிறார். இவற்றை நியூஸ்-2 என்ற புள்ளிமுறையில் போடவேண்டும்; புள்ளி கூடக்கூட நோயாளியின் நிலை மோசம். அதில் ஒட்சிசனுக்கு இரண்டு அளவுகோல்கள். வழமையான அளவுகோலில் 90க்கு 3 புள்ளி. மூச்சுக்கு 2, நாடிக்கு 1, மொத்தம் 6. ஐந்தும் அதற்கு மேலும் அவசரக் கணக்கு, ஆகவே அம்புலன்ஸ். இரண்டாம் அளவுகோலில் 88 முதல் 92 வரை இவருக்குரிய இலக்கு, புள்ளி பூச்சியம், மொத்தம் 3.

ஆனால் இரண்டாம் அளவுகோலை நினைத்தபடி எடுக்கமுடியாது. காபனீரொட்சைட்டு தேங்கும் சுவாசச் செயலிழப்பு முன்பு இரத்த வாயுப் பரிசோதனையில் உறுதியாகியிருக்க வேண்டும். தகுதியுள்ள ஒருவர் தீர்மானித்து அதை எழுதியும் வைக்கவேண்டும். தவறான அளவுகோலில் போனால் இரண்டு பக்கமும் ஆபத்து. தேங்குகிறவருக்கு அதிக ஒட்சிசன் கொடுத்தால் மயங்கிப்போவார். தேங்காதவரை இரண்டாம் அளவுகோலில் போட்டால் மெய்யான வீழ்ச்சி மறைந்துபோகும். ஏசிபி பழைய ஆஸ்பத்திரிக் கடிதங்களைப் புரட்டி முடிவெடுக்கிறார். பிறகு நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிறார், சளியின் நிறம் மாறியதா என்று விசாரிக்கிறார், குடிக்கும் மற்ற மருந்துகளைச் சரிபார்க்கிறார். மருந்து எழுதும் தகுதியும் பெற்றவரென்றால் பிரெட்னிசொலோன் 30 மில்லிகிராம் ஐந்து நாளுக்கும், தேவையென்றால் அன்டிபயோட்டிக்கும் தானே துண்டு எழுதுகிறார். என்ன நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்று வீட்டாருக்குச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். இதைப் பயிற்சி என்பதா?

மறுபக்கம் சாய்ந்து ‘உயர் மருத்துவ நிபுணர்’ என்று எழுதுபவர்களும் உண்டு. இது அதைவிட மோசம். எங்கள் நாட்டில் ‘வைத்திய நிபுணர்’ என்றால் கன்சல்டன்ட். திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் கிளினிக்கில் அவரைக் காணக் காலையிலேயே இலக்கம் எடுத்துக் காத்திருக்கிறார்கள். “லண்டனில நிபுணரே வீட்டுக்கு வந்து பார்த்திட்டுப் போனவர்” என்ற கதை இங்கே வந்து, இருதய நிபுணர் எழுதிய குளிசையை நிறுத்தலாமா என்ற வாக்குவாதத்தில் முடியும்.

அப்படியென்றால் என்ன சொல்வது? ‘வினைஞர்’ வேர்ப்பொருளுக்கு அச்சாகப் பொருந்தும், செய்தல்தானே வினை. ஆனால் எங்கள் கந்தோர்களில் எழுதுவினைஞர் உட்கார்ந்திருக்கும்வரை அந்தச் சொல்லுக்குக் கோப்பு வாசனை போகாது. ‘உயர்தர’ என்று தொடங்கினால் சோதனை எழுதும் பிள்ளைதான் ஞாபகம் வரும். ‘முதுநிலை’ படிப்பு மட்டத்தைச் சரியாகக் காட்டும், ஆனால் சேவை ஆண்டு கூடினவர் என்றும் படும். ‘சிகிச்சை’ வடசொல், ‘பண்டுவம்’ இருக்கிறதே என்பார் தூய தமிழ் அன்பர். கிண்ணியா வைத்தியசாலை வாசலில் நின்று ‘பண்டுவர் எங்கே’ என்று கேட்டுப் பார்க்கட்டும். ‘அப்போதிக்கரி’யும் நினைவுக்கு வரும்: டொக்டராக இல்லாமல் கிராமத்து மருந்தகங்களில் நோயாளரைப் பார்த்து மருந்து கொடுத்தவர். நெருக்கமான உறவுதான். ஆனாலும் தாதியாகவோ மருந்தாளராகவோ இருந்து மேலே வந்தவர் என்ற பொருள் அதில் இல்லை.

என் தேர்வு ‘மேனிலைச் சிகிச்சை உத்தியோகத்தர்’. தாதிய உத்தியோகத்தரும் குடும்பநல உத்தியோகத்தரும் வீட்டுப் படியேறி வரும் ஊரில் இதை யாரும் விளக்கவேண்டியதில்லை: டொக்டர் அல்ல, பதிவுள்ளவர், பொறுப்பேற்பவர். வெறும் ‘சிகிச்சையாளர்’ என்று நிறுத்தினால் தெரபிஸ்டுகளோடு கலந்துவிடும் என்பதால்தான் ‘உத்தியோகத்தர்’.

பெயரின் பின்னால் அடிப்படைத் தொழிலையும் எழுதவேண்டும்: மேனிலைச் சிகிச்சை உத்தியோகத்தர் (தாதி), அல்லது (பரமெடிக்). இது அலங்காரத்துக்கு அல்ல. ஏசிபி என்ற பெயருக்கு அங்கே தனிச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் தொழிலின் பதிவுச் சபைக்கே பதில் சொல்கிறார்கள், அதிகாரமும் தொழிலைப் பொறுத்து மாறும். தானே மருந்து எழுதும் உரிமை, அதற்கான படிப்பை முடித்த தாதியருக்கும் மருந்தாளருக்கும் 2006இல் விரிவாகக் கிடைத்தது, இயன்மருத்துவருக்கு 2013இல், பரமெடிக்குக்கு 2018இல். வேலைக்குப் போகமுடியாது என்ற சான்றிதழில் ஒப்பமிடும் உரிமையை 2022 ஜூலை மாற்றம் தாதி, மருந்தாளர், இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோருக்குக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் பரமெடிக் இல்லை. ஒரே பதவிப் பெயருடைய இருவரில் ஒருவர் சான்றிதழ் தரலாம், மற்றவர் தரமுடியாது. மரணத்துக்கான காரணச் சான்றிதழ் எழுதுவது மட்டும் யாராக இருந்தாலும் டொக்டரின் வேலை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு முறைப்பாடும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதை, ‘துண்டு வெட்டுறது’ என்று எல்லோருக்கும் விளங்குவதை, ‘வெளியேற்றம்’ என்று எழுதுகிறார்கள். புண்ணில் வடிவதற்கும் அதே கடிதத்தில் அதே சொல். வருத்தம் கூடினால் என்ன செய்வது என்று சொல்லிவைப்பதைப் ‘பாதுகாப்பு வலை’ என்கிறார்கள். எழுதியதை உரக்க வாசித்து, வீட்டில் ஒரு அம்மாவிடம் “என்ன விளங்குது?” என்று கேட்க ஐந்து நிமிடம் போதும்.

படித்துக்கொண்டிருப்பவரை ‘மேனிலைச் சிகிச்சைப் பயிலுநர்’ எனலாம். நோயாளிக்கான கடிதமென்றால் பதவிப் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி போட்டுவிடுங்கள்: “இவர் டொக்டர் அல்ல, உங்களைச் சோதித்து மருந்து எழுதும் தகுதி பெற்ற தாதி.” மருந்து எழுதும் தகுதி இல்லாதவரென்றால் ‘சோதித்து மருந்து எழுதும்’ என்பதைச் ‘சோதிக்கும்’ என்று மாற்றிவிடவேண்டும்.