நூடிபிராங்க்: தமிழில் எப்படிச் சொல்வது?

நூடிபிராங்க் என்பது கடலில் வாழும், ஓடில்லாத நத்தை வகை. மூடப்படாதது எனப் பொருள்படும் ‘நூடுஸ்’ என்ற இலத்தீன் சொல்லும், செவுளைக் குறிக்கும் ‘பிராங்கியா’ என்ற கிரேக்கச் சொல்லும் இணைந்து இப்பெயர் உருவானது. பிரெஞ்சு விலங்கியலாளர் ஜார்ஜ் குவியே 1817இல் இவ்வுயிரிகளைத் தனி வரிசையாகப் பிரித்து இப்பெயரைச் சூட்டினார். சங்கும் சோழியும் சேர்ந்த வயிற்றுக்காலிகள் வகுப்பையே இவையும் சேர்ந்தவை. ஆயினும் முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரியாக இருக்கும்போது மட்டுமே இவற்றுக்கு ஓடு உண்டு. வளர்கையில் ஓடு உதிர்ந்துவிடுவதால், மற்ற கடல் நத்தைகளில் ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் மூச்சுறுப்பு இவற்றில் வெளியே தெரிகிறது.

இதைத் தமிழில் ‘கடல் அட்டை’ என்று எழுதுவோர் உண்டு. இராமநாதபுரம் கடற்கரையில் அச்சொல்லுக்கு வேறு பொருள் ஊன்றிவிட்டது. அங்கே கடல் அட்டை என்றால், அவித்து உலர்த்தி ஏற்றுமதி செய்யப்பட்டுவந்த, நட்சத்திர மீனுக்கு உறவான முட்தோலி உயிரி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்ட பின் அதைப் பிடிப்பது குற்றமாயிற்று. மண்டபத்திலோ வேதாளையிலோ நின்று ‘கடல் அட்டை தேட வந்தோம்’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அவரை நூடிபிராங்கைப் படம் எடுக்க வந்தவராக நினைக்கமாட்டார்; சட்டத்தை மீறிப் பிடிக்க வந்தவராகவே நினைப்பார்.

‘கடல் நத்தை’ என்பது ஓடுள்ளவற்றையும் உள்ளடக்கும் என்பதால் பொருள் விரிந்துபோகிறது. தோட்டப் பயிரைத் தின்னும் ஓடில்லாத உயிரியை ‘ஓடற்ற நத்தை’ என்று குறிப்பதுண்டு. அதையொட்டி, பாசியை மேயும் கடல் முயல் உள்ளிட்ட பெருங்கூட்டத்துக்கு ‘ஓடற்ற கடல் நத்தை’ என்பது பொருந்தும். அதனுள் அடங்கும் நூடிபிராங்கை ‘வெளிச்செவுள் நத்தை’ எனலாம். வெறுங்கால் என்பது போல ‘வெறுஞ்செவுள்’ என்று ஆக்குவது மூலத்துக்கு நெருக்கமானதே. ஆனால் செவுள் மட்டுமே உள்ளது என்ற மயக்கம் தருவதால் அதை நான் தவிர்க்கிறேன்.

வெளிச்செவுள் என்ற பெயர் எல்லா நூடிபிராங்க் இனங்களுக்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை. அவற்றுள் டோரிட் வகையில் முதுகின் பின்பகுதியில், கழிவுத் துளையைச் சுற்றி, செவுள் பூவிதழ்களைப் போல விரிந்திருக்கும். ஏயோலிட் வகையில் அப்படிப்பட்ட செவுளே இல்லை. முதுகெங்கும் விரல்களாக நீண்ட சதைக் காம்புகளே மூச்சுக்கு உதவுகின்றன. இவற்றுள் பல, கொட்டும் உயிரணுக்கள் கொண்ட ஹைட்ராய்டு (செடிபோல் கிளைத்து வளரும், ஜெல்லிமீனுக்கு உறவான சிற்றுயிரி) போன்றவற்றைத் தின்று, அவ்வுயிரணுக்களில் உள்ள கொட்டும் உறைகளைச் செரிக்காமல் காம்பு நுனிகளில் சேர்த்துவைத்துத் தம் காவலுக்குப் பயன்படுத்துகின்றன. பில்லிடியா இனங்களிலோ செவுள் உடலோரத்தின் அடிப்புறத்தில் மறைந்திருக்கும்.

இவ்வேறுபாடுகள் படம் எடுப்பவருக்கு முக்கியமானவை. தலையில் நிற்கும் இரு உணர்கொம்புகள் நீரில் கரைந்த மணத்தை அறிபவை; அவற்றை ‘மோப்பக்கொம்பு’ எனலாம். அவற்றின் மடிப்பும் செவுளின் அமைப்பும் தெரியாத படத்தை வைத்து இனத்தை உறுதிசெய்வது கடினம். ஆகவே முன்பக்கத்திலிருந்து தாழ்வாக அணுகி மோப்பக்கொம்பில் குவியம் வைத்து ஒரு படமும், மேலிருந்து முழு உடலும் தெரிய ஒரு படமும், அது ஊர்ந்த கடற்பஞ்சையோ பாசியையோ சேர்த்து ஒரு படமும் எடுப்பது நல்லது. விரலால் தொட்டால் டோரிட் இனங்கள் பலவும் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். பெயருக்குக் காரணமான உறுப்பே படத்தில் இராது. மூழ்குபவர் காலில் அணியும் துடுப்பு கிளப்பும் மணலும் அதே கேட்டைச் செய்யும்.

கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், தென்கடல் எனப்படும் மன்னார் வளைகுடா கலங்கிக் கிடக்க, வடகடல் எனப்படும் பாக் விரிகுடாக் கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் நிலைமை மாறும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்குவதால், வனத்துறையின் அனுமதியின்றி அங்கு இறங்க இயலாது. அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தில் ‘வெளிச்செவுள் நத்தை’ என்று எழுதி, பக்கத்தில் நூடிபிராங்க் என்றும் குறிப்பது நல்லது. ‘கடல் அட்டை’ என்ற சொல் அதில் இடம்பெறவே கூடாது.