பூஸ்ட் முள் ஏறவில்லையா? டர்போவைக் கழற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்

"அண்ணா, பூஸ்ட் மீட்டர் பாதிக்கு மேல ஏறமாட்டேங்குது. டர்போ போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க."

டீசல் காரோடு இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த நிலையில் முள்ளைப் பார்த்தீர்கள் என்பதுதான். நின்ற இடத்தில், நியூட்ரலில் மிதித்துப் பார்த்தால் முள் பெரிதாக ஏறாது. டர்போ இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். அந்த டர்போவைச் சுழற்றுவது இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை. லோடு இல்லாதபோது அந்தப் புகைக்கு வேகம் இருக்காது. மூன்றாவது கியரில், ஆளில்லாத மேட்டுச் சாலையில், முழுதாக மிதித்துப் பார்க்க வேண்டும். முள்ளைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஓட்டுகிறவரின் கண் சாலையில் இருக்கட்டும்.

காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் வேறு. மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை. ஸ்கேனர் பெரும்பாலும் வெளிக்காற்றையும் சேர்த்த மொத்த அழுத்தத்தைக் காட்டும். கோவையில் இன்ஜின் ஓடாமலே 96 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். ஊட்டியில் சுமார் 77தான். ஸ்கேனரில் 190 என்று வந்தால், ஊட்டியில் பூஸ்ட் 113, கோவையில் 94. எங்கே நின்று பார்த்தாலும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு கழியுங்கள்.

கணக்கு சரியாகியும் பூஸ்ட் குறைவா? என் அனுபவத்தில் அதிகம் மாட்டுவது, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்தான். ஒரு காரில் அந்த ஹோஸைத் தடவிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. கழற்றி, வளைவின் அடிப்பக்கத்தைப் பிசைந்து விரித்த பிறகுதான் விரல் நீளத்துக்குக் கீறல் தெரிந்தது. அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும் கீறல் அது. மிதித்தால் 'உஸ்' சத்தம், பின்னால் கரும்புகை, ஹோஸைச் சுற்றி எண்ணெய் ஈரத்தில் அப்பிய தூசி: மூன்றும் அந்தக் காரில் இருந்தன. ஹோஸும் கிளாம்பும் மாற்றியதும் பிக்கப் திரும்பிவிட்டது. டர்போ மாற்றும் செலவோடு பார்த்தால் அது மிகச் சிறிய தொகை.

தனியாக மீட்டர் பொருத்தியிருந்தால் அதற்குப் போகும் மெல்லிய டியூபையும், டர்போவின் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்குவம் டியூபையும் பாருங்கள். அடைத்த ஏர் ஃபில்டரும் பூஸ்டைக் குறைக்கும்.

கடைசியாகத்தான் டர்போவின் ஷாஃப்ட், அதாவது அதன் சக்கரங்களைத் தாங்கும் அச்சு. இன்ஜின் ஆறிய பிறகு கையால் அசைத்தால் லேசான ஆட்டம் இருக்கலாம். ஆனால் டர்போ சக்கரத்தின் இறக்கை டர்போவின் உட்சுவரில் உரசினாலோ, இறக்கை உடைந்திருந்தாலோ, வண்டியை ஓட்டி வராதீர்கள், தூக்கி வரச் சொல்லுங்கள். சீல் போன டர்போ எண்ணெயை இன்ஜினுக்குள் தள்ளினால், சாவியை அணைத்தாலும் டீசல் இன்ஜின் அந்த எண்ணெயிலேயே ஓடக்கூடும்.